கொடுப்புலிக்குச் சிங்களத்தில் என்ன பெயர்

வெள்ளவத்தை,
12.08.1997

திரு. ஹியூபேட் அவர்கட்கு,

ஞாயிற்றுக்கிழமை பங்கு மண்டபத்தில் நடந்த நமது கால்வாய்ச் சபைக் கூட்டத்தில் நீர் சொன்னதை நான் மறக்கவில்லை. "யாழ்ப்பாணத்தில ஆறும் இல்லை, கால்வாயும் இல்லை. அதுதான் மாஸ்டர் பற்றையைக் கண்டாலும் காடு எண்டு நினைச்சிடுறார்" என்றீர். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். செயலாளர் மெற்றில்டா அம்மையார்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் படிப்பித்தவன் நான். இடம்பெயர்ந்து வந்து லொட்ஜ் அறையில் கிடக்கிறேன் என்பதற்காக என் பாடத்தை உம்மிடம் கற்கவேண்டிய நிலை இன்னும் வரவில்லை.

ஆகவே இனி உம்முடன் வாயால் கதைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். சபையிலிருந்து விலகமாட்டேன், அது உமக்கு வசதியாகிவிடும். சொல்லவேண்டியதை எழுத்தில் சொல்வேன். நீரும் எழுத்தில் சொல்லும். எழுதுகிறபோது ஆள் கொஞ்சம் யோசித்துத்தான் கோபிப்பான்.

விஷயம் இதுதான். பழைய ஒல்லாந்தர் கால்வாயைத் திருத்த இயந்திரம் வரப்போகிறது. எங்கே தோண்டலாம், எதைத் தொடக்கூடாது என்று வரைபடத்தில் குறித்துச் செப்டெம்பர் முடிவதற்குள் கொடுத்தால் அப்படியே ஏற்பதாகத் திணைக்கள இஞ்சினியர் சொல்லியிருக்கிறார். வரைபடம் உமது கையில் இருக்கிறது. அதில் உமது கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொக் கேட் என்ற நீர்மடைக் கதவு இருக்கிறது, கல் கட்டு இருக்கிறது, படகுத்துறை இருக்கிறது, உல்லாசப் பயணிகள் இருக்க வாங்குகூட இருக்கிறது. என் வெள்ளவத்தைப் பக்கத்து நாணற்காடு மட்டும் இல்லை. அந்த இடத்தில் "துப்புரவாக்குக" என்று எழுதியிருக்கிறீர், அதுவும் உமது அழகான கையெழுத்தில்.

நான் ஒவ்வொரு நாளும் விடிய அங்கே போய் நிற்கிறேன். இதுவரை முப்பத்தொரு வகைப் பறவைகளைப் பதிந்திருக்கிறேன். பட்டியலை இணைத்துள்ளேன். வாசித்துவிட்டு அந்த ஒரு சொல்லை அழியும்.

இப்படிக்கு,
க. முத்துலிங்கம்

*

கொட்டாஞ்சேனை,
19.08.1997

அன்புள்ள மாஸ்டர்,

உங்கள் கடிதத்தை என் தங்கை மாக்ரெட்டுக்கு வாசித்துக் காட்டினேன். அது என் பிழை. "பாவம் அந்த மனுசன், ஆக்களுக்கு முன்னால ஏன் அண்ணா அப்பிடிச் சொன்னனீ" என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாக உப்பில்லாமல் கறி வைக்கிறாள். கூட்டத்தில் அப்படிச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் பற்றை பற்றைதான், அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

உங்கள் முப்பத்தொரு பறவையையும் பார்த்தேன். அதில் காகம் பதினேழாவது. காகத்துக்காகக் கால்வாயை விடச் சொல்கிறீர்களா? நாணல் என்றால் நுளம்பு, நுளம்பு என்றால் காய்ச்சல். ஊர் முழுக்க ஒரு பக்கம் குண்டுக்குப் பயந்து கிடக்கிறது, இன்னொரு பக்கம் நுளம்புக்கும் பயப்பட வேண்டுமா?

நானும் ஒன்று சொல்லுகிறேன், இதை நான் கூட்டத்தில் சொன்னதில்லை. முப்பத்தொரு வருடம் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்து மற்றவர்களின் சாக்கடையைத்தான் கீறினேன். எங்கள் லொக் கேட்டை முதன்முதல் அளந்த அன்றுதான் இந்த வேலையில் எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. தேக்கு மரக் கதவு, மாஸ்டர். இருநூறு வருசமாகச் சேற்றுக்குள் நிற்கிறது, ஒரு விரலால் தட்டினால் மணி மாதிரிச் சத்தம் கேட்கும். அந்தக் கதவு ஒருமுறை திறந்து, தண்ணீர் ஏறி, ஒரு வள்ளம் மேலே எழும்பிப் போவதைப் பார்த்துவிட வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் எனக்கு இல்லை. கலியாணமும் செய்யவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரே பஸ். நாங்கள் இரண்டு கிழடுகளும் முத்திரை ஒட்டிக்கொண்டு இருக்கிறோம். கோபம் ஆறினால் வாருங்கள்.

உங்கள்,
ஹியூபேட்

*

வெள்ளவத்தை,
07.09.1997

ஹியூபேட்,

மரியாதைச் சொற்களுக்கு இன்று எனக்குப் பொறுமையில்லை. இன்று காலை ஐந்தரை மணிக்குப் பாலத்துக்கு மேற்கே, ஏறத்தாழ ஐம்பது அடியில், உடைந்த செங்கல் மதகுக்குள் கொடுப்புலியைக் கண்டேன். தாயும் இரண்டு குட்டிகளும். தாய் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்று, ஒரு மீனைக் கவ்விக்கொண்டு ஏறியது. குட்டிகள் வாலைப் பிடித்துச் சண்டை போட்டன. நான் நாற்பது நிமிடம் அசையவில்லை. கண்ணீர் வந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

அது என்ன பிராணி என்று நீர் கேட்பீர். பெயரில்தான் புலி. பூனை இனம். வீட்டுப் பூனையைப்போல இரண்டு மடங்கு, சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளி, குட்டை வால், நீந்தி மீன் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஃபிஷிங் கற் என்பார்கள். இத்தனை வருடமும் புத்தகத்துப் படத்தைக் காட்டித்தான் படிப்பித்தேன். உயிரோடு பார்க்க, வீடு வாசலை விட்டு இந்தக் கொழும்புக்கு ஓடிவர வேண்டியிருந்தது. ஓடிவந்ததற்கு இது ஒன்றுதான் மிச்சம்.

இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். ஆள் நடமாட்டம் கண்டால் இடம் மாறிவிடும். குட்டிகள் வளரும்வரை, தை மாதம்வரை, அங்கேதான் இருக்கும். அதன் பிறகு தன்பாட்டில் பிரிந்து போய்விடும்.

இரண்டு காரியம் கேட்கிறேன். "துப்புரவாக்குக" என்ற சொல்லை அழியும். மற்றது, கண்ட பிராணியைப் பதியும் அவதானிப்புப் படிவத்தில் மூன்று மொழியிலும் பெயர் எழுத வேண்டும். கொடுப்புலிக்குச் சிங்களப் பெயர் எனக்குத் தெரியாது. லொட்ஜ் சொந்தக்காரி நஸீறா அம்மாவுக்கும் தெரியவில்லை. நீர் சிங்களம் பேசினால் சிங்களவரே வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று அடிக்கடி சொல்வீர். யாரிடமாவது விசாரித்து எழுதி அனுப்பும். அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

முத்துலிங்கம்

*

கொட்டாஞ்சேனை,
15.09.1997

அன்புள்ள மாஸ்டர்,

பேலியகொடை மீன் சந்தைக்கு ஒரு நாள் கூட்டிப்போகிறேன். இதைவிடக் கொழுத்த புலிகள் மீன்பெட்டிக்கு மேலே படுத்துக் கிடக்கும், நீந்த வேண்டிய தேவையே இல்லை.

கோபிக்க வேண்டாம், பகிடிக்குச் சொன்னேன். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் கண்ணைத் துடைக்காமல் நின்ற இடத்தில் எனக்கு என் லொக் கேட் நினைவு வந்தது. நேற்று வரைபடத்தை மேசையில் விரித்து, பிளேட்டால் அந்தச் சொல்லைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது அங்கே "நாணல், தொடக்கூடாது" என்று இருக்கிறது. மதகைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன், குருடனுக்கும் தெரியும்.

ஒரு திருத்தம். பாலத்திலிருந்து மதகு ஐம்பது அடி அல்ல, நாற்பத்தேழு. போன வருசம் முழங்கால் சேற்றில் நின்று நாடா பிடித்து அளந்தவன் நான். பறவையை நீங்கள் எண்ணுங்கள், அடியை என்னிடம் விடுங்கள்.

சிங்களப் பெயர் கேட்டீர்கள். ஒரு பூனைக்குப் பேர் கேட்டு வீடு வீடாகத் திரிய எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிங்களத்திலேயே உத்தியோகம் பார்த்தவன், தேவைப்படும்போது வாயில் வந்துவிடும்.

24ஆம் திகதி புதன்கிழமை இஞ்சினியர் வரச் சொல்லியிருக்கிறார். வரைபடத்தோடு உங்கள் கடிதத்தையும் கொண்டுபோகிறேன். நான் கோடு கீறத்தான் லாயக்கு, நாணலுக்காகப் பேச எனக்கு வராது. உங்கள் கடிதம் பேசும். அதை அவருக்கு நானே சிங்களத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாருங்கள். மாக்ரெட் நண்டு சமைக்கிறாளாம். முத்திரை ஒட்டினது போதும்.

உங்கள்,
ஹியூபேட்

*

விளக்கமறியல்,
20.10.1997

ஹியூபேட்,

இதை நஸீறா அம்மாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிறுதோறும் பார்க்க வருகிறார். வாடகைக்கு இருந்தவனுக்கு இவ்வளவு செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "விடிய முந்தி வெளிய போவாதீங்கண்டு நான் சொல்லித்தானே வெச்சன் மாஸ்டர்" என்று ஒவ்வொரு முறையும் ஏசுகிறார்.

24ஆம் திகதி பின்னேரம் லொட்ஜுக்கு வந்து என்னைக் கொண்டுவந்தார்கள். தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. கடிதத்தின் மேல் மூலையில் விலாசத்தைத் தெளிவாக எழுதியிருந்தேன். பிள்ளைகளுக்கு அப்படித்தான் பழக்கினேன்.

என் கடிதம் இப்போது சிங்களத்தில் ஒரு வாக்குமூலமாக இருக்கிறது. அதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்கள். மூன்று புலிகள், அதில் இரண்டு சின்னப் பெடியள், பாலத்துக்கு மேற்கே நாற்பத்தேழு அடியில் பதுங்கியிருக்கிறார்கள். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். தை மாதம்வரை அங்கே இருப்பார்கள். அதன் பிறகு பிரிந்து போய்விடுவார்கள். தை மாதத்தில் என்ன நடக்கப்போகிறது என்றுதான் தினமும் கேட்கிறார்கள். கேட்கிற விதத்தை எழுதவில்லை. இடது காதில் இப்போது சரியாகக் கேட்பதில்லை.

மொழிபெயர்த்தவரின் பெயர் அதில் இல்லை. "வாசித்துக் காட்டிய நபர் கூறியபடி" என்று மட்டும் இருக்கிறது. அது யார் என்று உமக்குத் தெரியுமா?

உம்மையும் அடித்தார்களா என்று தெரியாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. சுகமாக இருந்தால் ஒரு காரியம் செய்யும். கடிதம் எழுதப்பட்டது உமக்கு. நீர் வந்து இது பூனை என்று சொன்னால் அதற்கு ஒரு பெறுமதி இருக்கும். நம்பாவிட்டால் விடிய ஐந்தரைக்குக் கூட்டிப்போய்க் காட்டும். என் சாட்சி அந்த மதகுக்குள் உயிரோடு இருக்கிறது. ஆனால் தை மாதம்வரைதான் இருக்கும்.

முத்துலிங்கம்

*

கொட்டாஞ்சேனை,
04.11.1997

அன்புள்ள மாஸ்டர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். என்னை ஒரு வாங்கில் மூன்று மணித்தியாலம் இருத்திவிட்டு விட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் கொழும்பு என்று இருப்பது காரணமாயிருக்கலாம். வரைபடத்தைத் திருப்பித் தரவில்லை.

கடிதத்தை யார் வாசித்தது என்று கேட்டிருந்தீர்கள். அங்கே ஆட்கள் பலர் நின்றார்கள். எனக்குச் சரியாக நினைவில்லை.

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் நிலைமையை நீங்களும் பார்க்க வேண்டும். போன மாதம் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு சட்டத்தரணியைக் கண்டு கதைத்தேன். இப்போது போனால் உங்களுடைய வழக்கோடு என்னையும் சேர்த்துவிடுவார்கள், கொஞ்சம் சூடு ஆறட்டும் என்றார். மாக்ரெட் அதைக் கேட்ட நாள் முதல் என்னைத் தனியே வெளியில் விடுவதில்லை. "நீயும் உள்ளுக்குப் போனா எனக்கு ஆர் அண்ணா இருக்கினம்" என்று கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

மெற்றில்டா அம்மையார் சபைக் கூட்டத்தை நிறுத்திவிட்டார். பங்கு மண்டபத்துச் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

நஸீறா அம்மாவிடம் இரண்டு சாரம், சவர்க்காரம், உங்கள் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கூடு, மாக்ரெட் செய்த விளாம்பழ ஜாம் ஒரு போத்தல் கொடுத்திருக்கிறேன். போத்தலை உள்ளே விடுவார்களோ தெரியாது. உங்களுக்காக ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறேன்.

உங்கள்,
ஹியூபேட்

*

விளக்கமறியல்,
08.12.1997

ஹியூபேட்,

ஜாமை உள்ளே விட்டார்கள், போத்தலை விடவில்லை. ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் ஊற்றித் தந்தார்கள். இந்த அறையிலுள்ள பதினான்கு பேரும் விரலால் தொட்டு நக்கினோம். தங்கைக்கு நன்றி சொல்லும்.

இங்கே என் பெயர் பூனை மாஸ்டர். ஹற்றனிலிருந்து வந்த இராசு என்ற இளைஞன், வீட்டு வேலைக்கு வந்த இடத்தில் பிடிபட்டவன், தினமும் காலையில் "மாஸ்டர், ஒங்க பூனைக்குச் சாப்பாடு ஆச்சுங்களா" என்று கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. இந்த அறையில் அந்தப் பூனை உண்டு என்று நம்புகிறவர்கள் இவர்கள்தான்.

உண்டுதான். நஸீறா அம்மா பாலத்தால் போகும்போது எட்டிப் பார்க்கிறார். போன கிழமையும் மதகடியில் புதிய மீன் செதில் கிடந்ததாம். குட்டிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. இன்னும் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம்.

நீதவான் வழக்கைத் தவணை போட்டுவிட்டார். அப்படியொரு மிருகம் இருப்பதாகச் சொல்வது யார் என்று கேட்டார். நான் என்றேன். என்னைத் தவிர வேறு யார் என்று கேட்டார்.

நான் ஒருவரிடமும் கெஞ்சியவன் அல்ல. சண்டை பிடிப்பேன், எழுதுவேன், கெஞ்சமாட்டேன். இப்போது கெஞ்சுகிறேன். வாரும். உமக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம் ஏதும் இருந்தால் அதையும் எழுதும். நான் கோபிக்கமாட்டேன். கூட்டத்தில் கோபித்த மாதிரிக் கோபிக்கமாட்டேன்.

முத்துலிங்கம்

*

கொட்டாஞ்சேனை,
27.01.1998

மாஸ்டர்,

இதை வாசித்த பிறகு நீங்கள் எனக்கு எழுதமாட்டீர்கள். அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

கடிதத்தை வாசித்துக் காட்டியவன் நான்.

அன்று இஞ்சினியரிடம் போகும் வழியில் சந்தியிலுள்ள செக்பொயின்ற்றில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வரைபடத்தைக் கண்டதும் பொறுப்பதிகாரி வந்தார். "மே மொகக்த?", இது என்ன என்றார். கால்வாய் என்றேன். லொக் கேட்டைப் பற்றிச் சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பிறகு உங்கள் கடிதத்தை எடுத்தார். தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடட்டுமா என்று அவர்தான் கேட்டார், மாஸ்டர். தேவையில்லை, நானே சொல்லுகிறேன் என்றேன். எனக்குத்தான் சிங்களம் நன்றாக வருமே.

முதல் வசனம் கடகடவென்று போனது. கொடுப்புலி என்ற சொல்லில் வந்து நின்றேன். பெயர் தெரியவில்லை. நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று பயம் வந்தது, "கொட்டி", புலி, என்று சொல்லிவிட்டேன், இயக்கத்தையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குட்டிகளைப் "பொடி கொட்டி", சின்னப் புலிகள் என்றேன். அவருடைய முகம் மாறியது. உடனே "நே, நே, பூஸா" என்றேன். பூனை என்றால் அதை ஏன் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டார். அந்த மிருகத்துக்குச் சரியான பெயரைச் சொல்லு என்று மூன்று தரம் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் விசாரிக்கச் சொல்லிப் பதினேழு நாள் ஆகியிருந்தது. போகும்போது, உதவி செய்ததற்கு நன்றி என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். அந்த நன்றியை நான் மாக்ரெட்டிடமும் சொல்லவில்லை.

உங்கள் மார்கழிக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நத்தார்ப் பூசையில் நின்றேன். நற்கருணை வாங்கப் போகவில்லை. அதன் பிறகும் மூன்று கிழமை கோழையாகக் கிடந்தேன். 13ஆம் திகதி சட்டத்தரணியோடு போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் என்னைப் பிடிக்கவில்லை. கேட்டார்கள், எழுதினார்கள், அவ்வளவுதான். இந்தப் பயத்துக்காகவா நான் இத்தனை நாள் இருந்தேன் என்று நினைக்க என்னையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

21ஆம் திகதி மிருகங்களைப் பற்றித் தெரிந்த ஒரு உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு கால்வாய்க்குப் போனோம். அங்கே நாணல் இல்லை, மாஸ்டர். சுதந்திர தினம் வருகிறதாம், பாலத்துப் பாதுகாப்புக்காம், நாங்கள் போவதற்கு நாலு நாள் முந்தி இயந்திரத்தை விட்டு வழித்துவிட்டார்கள். மதகைக் கல் போட்டு அடைத்துவிட்டார்கள். என் வரைபடம் அவர்களிடம் இருந்ததல்லவா, சிவப்பு வட்டம் போட்ட இடத்தைத்தான் முதலில் வெட்டினார்களாம். அப்படியொரு மிருகம் அங்கே இல்லை என்று உத்தியோகத்தர் எழுதிக் கையொப்பம் வைத்தார். அவர் பொய் எழுதவில்லை.

நாணல் வெட்டிய கூலியாள் ஒருவர் கரையில் இருந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். "ஹந்துன் திவியா நே மஹத்தயா" என்றார், ஹந்துன் திவியாதானே ஐயா, இது தெரியாதா என்ற மாதிரி. எல்லோருக்கும் தெரிந்த பெயர். தாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் ஓடியதாம். மற்றதை நாய்கள் பிடித்துவிட்டன.

என் லொக் கேட்டுக்கும் கொங்கிறீற் கொட்டிவிட்டார்கள். தேக்குக் கதவை அறுத்துச் செக்பொயின்ற்றுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். தினமும் அதன் கீழேதான் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு போகிறேன். இதை உங்களிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை.

ஹியூபேட்

*

விளக்கமறியல்,
16.02.1998

ஹியூபேட்,

எழுதமாட்டேன் என்று நினைத்தீர். எழுதுகிறேன்.

நீர்தான் வாசித்தீர் என்பது எனக்கு ஒக்டோபரிலேயே தெரியும். நான் கடிதத்தில் ஐம்பது அடி என்று எழுதியிருந்தேன். வாக்குமூலத்தில் நாற்பத்தேழு என்று இருந்தது. அந்தப் பாலத்துக்கும் மதகுக்கும் இடையே நாடா பிடித்து அளந்தவர் இந்த ஊரில் ஒருவர்தான். காவலரின் துவக்குக்கு முன்னால் நின்றும் என் கணக்கைத் திருத்தியிருக்கிறீர். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டுத்தான் காதில் அடித்தார்கள்.

தெரிந்தும் நான் ஏன் நேரே எழுதவில்லை என்று இந்த மூன்று நாளாக யோசிக்கிறேன். பிழை செய்த பிள்ளை தானாக எழுந்து நிற்கட்டும் என்று வகுப்பில் காத்திருப்பேன். அதே புத்தி. நீராக வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். நீர்தான் வாசித்தீர், எனக்குத் தெரியும், உடனே வாரும் என்று ஒக்டோபரில் எழுதியிருந்தால் நீர் வந்திருப்பீர். அப்போது நாணல் நின்றது. மதகுக்குள் மூன்றும் இருந்தன. அதற்கும் முன்னால், ஒரு பூனையைக் கண்டேன் என்று நான் எழுதியிருக்கலாம். சரியான பெயரைத்தான் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

இதனால் உமது பிழை குறைந்துவிடாது. அதைக் குறைக்க நான் இதை எழுதவில்லை. மன்னிக்கும்படி நீர் கேட்காமல் விட்டது நல்லது. கேட்டிருந்தால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிந்திருக்காது. உமது மேல் கோபம் இல்லை. அன்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அதுவும் இப்போது தட்டுப்படவில்லை.

வெள்ளிக்கிழமை எங்களில் ஆறு பேரைத் தெற்கே வேறொரு முகாமுக்கு மாற்றுகிறார்கள். வழக்குக்குத் திகதி இல்லை. நஸீறா அம்மாவால் அவ்வளவு தூரம் வர முடியாது, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீரும் எழுத வேண்டாம். அங்கே தமிழில் ஒரு கடிதம் வந்தால் அதை வாசித்துச் சொல்ல ஒரு ஆளைத் தேடுவார்கள்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. அவதானிப்புப் படிவம் நஸீறா அம்மாவிடம் என் பெட்டிக்குள் இருக்கிறது. வாங்கி நிரப்பும். சிங்களப் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கும், அது உமக்கு இப்போது தெரியும். எண்ணிக்கை என்ற இடத்தில் 07.09.1997 என்று திகதி போட்டு மூன்று என்று எழுதியிருக்கிறேன். அதை வெட்ட வேண்டாம். அதன் கீழே 21.01.1998 என்று எழுதி, பூச்சியம் என்று போடும். அவதானித்தவர் என்ற இடத்தில் உமது பெயரை எழுதிக் கையொப்பம் வையும்.

முத்துலிங்கம்